தொடாமல் விட்ட பந்துகள்

மணவாளக்குறிச்சி
6 ஜனவரி 2025

அன்புள்ள பிரிஜா,

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்த காரியம், என் போனிலிருந்து அந்தப் பந்துக் கணக்குச் செயலியை அழித்தது. முகம்கூடக் கழுவவில்லை. படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். இதிலுள்ள விவரங்கள் எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்துக் கட்டன் சாயா போட்டேன். பழக்கத்தில் ஸ்டெனியின் டம்ளரையும் எடுத்துவைத்துவிட்டேன். அதைத் திரும்ப அலமாரியில் வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முன்பெல்லாம் நான் அழைத்தால் மணி அடித்து ஓயும். இப்போது மணியே அடிப்பதில்லை. நீ என் எண்ணைத் தடுத்துவிட்டாய் என்று பள்ளிக்கூடத்தில் பிந்து டீச்சர்தான் விளக்கிச் சொன்னாள். அதனால் இந்தக் கடிதம். ஆபரேஷனுக்கு முன்பு நீ கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்னால் நீங்கள் தங்கியிருக்கும் அறையின் விலாசம் இருந்தது.

ஸ்டெனியின் கை எப்படி இருக்கிறது? விரல்களை மடக்குகிறாளா? என்னைக் கேட்டாளா என்று எழுத வேண்டாம். கைபற்றி மட்டும் எழுது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கோச் ததேயுஸ் சாரை மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. மாவட்ட பேஸ்பால் சங்கத்தார் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு, நாகர்கோவிலில் விசாரணை. இறுதிப் போட்டியில் ஸ்டெனி எத்தனை பந்து எறிந்தாள் என்று என்னிடம் கேட்டார்கள். செயலியில் இருந்ததை அச்செடுத்துப் போன வாரமே கொடுத்துவிட்டேன். எண்பத்தாறு. ஒரு நாளில் தொண்ணூறுக்கு மேல் போகக் கூடாது என்று சார்தான் எல்லை வைத்திருந்தார், உனக்குத் தெரியும். எண்பத்தாறு பந்தில் முழங்கையின் நரம்பு கிழியாது, ஆகவே பயிற்சியில் கண்மண் தெரியாமல் எறிய வைத்திருக்கிறார் என்பது சங்கத்தாரின் பேச்சு. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கொஞ்சம் முன்பே கவனித்திருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்குப் பிடிக்காது. மீன் இல்லாமல் சோறு இறங்காதவள்.

இசபெல்

*

எர்ணாகுளம்
11 ஜனவரி 2025

அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுத வரவில்லை. விட்டுவிட்டேன்.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டாய். முழங்கையின் உள்பக்கத்தில் இருக்கும் தசைநார் முக்கால்வாசி கிழிந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே தைத்திருக்கிறார்கள். ஆக இப்போது அவளுக்கு இரண்டு இடத்தில் வெட்டு. பல் தேய்ப்பது இடது கையால். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க என்னிடம் நீட்டுகிறாள். பதினேழு வயதுப் பெண் பாட்டிலை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பந்தைத் தொட ஒரு வருடம் ஆகும் என்கிறார் டாக்டர். பழைய வேகம் வருமா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். பன்னிரண்டு வருடமாக குவைத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். டாக்டர்மார் எப்போது பேச்சை மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெற்றவள் நான், வளர்த்தவள் நீ என்று ஊர் முழுக்கச் சொல்வாய். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றிருந்தேன். ஐந்து வயதுப் பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவள் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் நீ அவளை வளர்த்தது அவளுக்காக இல்லை. உனக்கு இருபது வயதில் பல்கலைக்கழகக் கைப்பந்து அணியில் இடம் கிடைத்தபோது அப்பா விடவில்லை. அந்தக் கோபத்தை நீ யாரிடமும் காட்டவில்லை. என் பிள்ளையின் கையில் பந்தாகக் கொடுத்தாய்.

போட்டியன்று யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்தேன். நீ மேல் படியில் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு கையில் போன், ஒரு கையில் ஜெபமாலை. மாதா உனக்குச் செவி கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ததேயுஸ் சார்மேல் நான் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். பயிற்சியில் தினமும் இருநூறு பந்து எறியவிட்டார் என்று. நீ தினமும் மைதானத்தில் இருந்தவள். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். எனக்காக வேண்டாம், அவளுக்காகவும் வேண்டாம். நீ நல்லவள் என்று உனக்கே ஒரு நினைப்பு உண்டு இல்லையா, அதற்காகப் போடு.

அவள் அப்பா சகாயத்துக்கு குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. எனக்கும் பிப்ரவரி பத்தோடு முடிகிறது.

பிரிஜா

*

மணவாளக்குறிச்சி
19 ஜனவரி 2025

பிரிஜா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. ஐந்து முறை படித்தேன். அப்பாவைப் பற்றி எழுதியதை மட்டும் இரண்டு முறை.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். இருநூறு என்பது பொய், பிரிஜா. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு நாற்பது, அதற்கு மேல் அவர் பந்தைக் கையில் கொடுக்கமாட்டார். கூடுதலாக ஒன்று கேட்டு அவள் கெஞ்சியதையும், போய் ஓடு என்று அவர் விரட்டியதையும் நான் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் கணக்கும் உன் போனுக்கு வந்துகொண்டுதானே இருந்தது? ஒவ்வொரு பந்துக்கும் திரையில் இருக்கும் சதுரத்தை நான் தொடுவேன், உனக்கு அங்கே ஒரு புள்ளி விழும், சாருக்கும் ஒரு புள்ளி விழும். மூன்று போனில் ஒரே கணக்கு. அதற்காகத்தான் அந்தச் செயலியையே அவர் கொண்டுவந்தார். தன்னால் ஒரே நேரத்தில் பிள்ளைகளையும் பந்தையும் பார்க்க முடியாது, கணக்கு டீச்சர் எண்ணினால் தப்பாது என்றார்.

இன்று பூசை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்தார். ஆள் மெலிந்திருக்கிறார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை, அதனால் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். உள்ளே வரச் சொன்னேன். வாசலில் கிடந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். சாயா கொடுத்தேன். குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு கேட்டார்.

"டீச்சரே, ஒண்ணு கேக்கணும். எனக்க போன்ல எண்பத்தாறுதான் கெடக்கு. உங்களுக்க போன்லயும் அதுதானா?"

அதுதான் என்றேன்.

"அப்போ எனக்க கண்ணுதான் கெட்டுப்போச்சு. ஆறாவது இன்னிங்ஸ்ல அவளுக்க தோளு கீழ எறங்கினத நான் பாத்தேன், கேட்டியளா. நிறுத்தணும்னு வாய்வர வந்துது. போனப் பாத்தேன். எழுபத்தொண்ணு. எழுபத்தொண்ணுக்குத் தோளு எறங்காதேன்னு நெனச்சு விட்டுப்போட்டேன். நீங்களும் ஜெபமாலயப் பிடிச்சுட்டு இருந்திய. பயமில்லன்னு தோணிச்சு."

அவர் எழுந்தார். படியிறங்கியவர் திரும்பி நின்று, "பிள்ள என்னைய ஏசுகாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் முகம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்தது போல இருந்தது.

மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் இந்த விஷயம் முடிந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இனி பிள்ளைகள் எவருக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலங்களில் மைதானத்துக்கு வரலாம் என்றிருந்தவர்.

நான் அவரைப் பற்றி எழுதுவது உனக்குக் கோபத்தைத்தான் உண்டாக்கும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய கண் கெட்டுப்போகவில்லை. தோள் இறங்கியது உண்மைதான். நானும் பார்த்தேன்.

இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

இசபெல்

*

எர்ணாகுளம்
25 ஜனவரி 2025

அக்கா,

நீயும் பார்த்தாய். ஒரு வரி எழுதியிருக்கிறாய், நான் கவனிக்கமாட்டேன் என்று நினைத்து எழுதினாயோ, கவனிக்க வேண்டும் என்று எழுதினாயோ. உன் வழக்கமே இதுதான். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை எதிரில் இருப்பவள் தோண்டி எடுக்கட்டும் என்று காத்திருப்பாய்.

தோண்டிவிட்டேன்.

அவளை பிசியோதெரபிக்கு உள்ளே அழைத்துப்போனால் ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். உன் போனில் அழித்தால் என் போனில் அழியாது, தெரியுமா? அந்த இறுதிப் போட்டியைத் திறந்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் சின்னதாக நேரம் இருக்கிறது. மணி, நிமிடம், நொடி. முதல் இரண்டு இன்னிங்ஸில் பந்துக்கும் பந்துக்கும் இருபது நொடி, இருபத்தைந்து நொடி. மூன்றாவதிலிருந்து இடையிடையே ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். ஐந்தாவதில் ஒரே ஆட்டக்காரிக்கு எதிராக நான்கு நிமிடத்தில் மூன்று பந்து. நான்கு நிமிடம் என் மகள் பந்தெறியும் மேட்டில் நின்று என்ன செய்தாள்? காற்று வாங்கினாளா?

வீடியோவையும் திறந்து ஒத்துப் பார்த்தேன். அது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. இருக்கிற துண்டுகளிலேயே ஒன்பது பந்து, மட்டையில் பட்டு ஓரமாக வெளியே போனவை. அவற்றில் ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. ஃபவுல் ஆன பந்துகளை நீ தொடவே இல்லை.

ஸ்டெனியிடம் நேராகக் கேட்கவில்லை. அன்றைக்கு எப்போது வலித்தது என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும்.

"நாலாவது இன்னிங்ஸ்லயே கைக்குள்ள சூடா ஒரு வலி வந்துது அம்மே. நான் பெரியம்மையப் பாத்தேன். பெரியம்மை அஞ்சு வெரல காட்டினா, அம்பதுன்னு. அம்பதுக்கெல்லாம் வலிக்காதுல்லா. எனக்குச் சும்மா தோணுகுன்னு நெனச்சு எறிஞ்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தன் கையை நம்பவில்லை, உன் விரலை நம்பினாள் பாவி.

உன்னை என்ன செய்தால் தகும் என்று மூன்று நாளாக யோசித்தேன். பிறகு சென்னையிலிருந்து கல்லூரிக்காரர்களின் கடிதம் வந்தது. போட்டியன்று அவளைப் பார்க்க வந்த அவர்களுடைய செலக்டர், காயம் ஆறும்வரை ஒரு வருடம் விளையாட்டுக்கான இடத்தை வைத்திருக்கப் பரிந்துரை செய்திருக்கிறார். ஆனால் விசாரணை அறிக்கையைப் பார்த்த பிறகுதான் உறுதி. பயிற்சியாளரின் தவறு என்று வந்தால் இடம் காத்திருக்கும். வீட்டுக்காரர்களே கணக்கை மறைத்தார்கள் என்று வந்தால் அந்தப் போட்டியே செல்லாது, தேர்வும் செல்லாது. நான் போனில் பேசிக் கேட்டுவிட்டேன்.

அதனால் சொல்கிறேன். முப்பத்தொன்றாம் தேதி நீ வாயைத் திறக்கக் கூடாது. எண்பத்தாறு என்றால் எண்பத்தாறு. நான் புகாரைக் கிழித்துவிட்டேன். இருநூறு என்ற பொய்யும் வேண்டாம். நீ ஏற்கெனவே கொடுத்த பொய்யே போதும். சாருக்கு மே மாதம் ஓய்வு. அவருக்குப் போவது மூன்று நான்கு மாதம். இவளுக்கு இனி மிச்சமிருப்பது அந்த ஓர் இடம்தான்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. வாயை மூடச் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு.

மொத்தம் எத்தனை பந்து? உனக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கு மட்டும் எழுது.

பிரிஜா

*

மணவாளக்குறிச்சி
30 ஜனவரி 2025

பிரிஜா,

நூற்றுப் பதினேழு.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். வீடியோவில் என் இடது கையில் ஜெபமாலையைப் பார்த்தாய் அல்லவா? நான் ஜெபிக்கவில்லை. தொடாமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் ஒரு மணியை நகர்த்தினேன். பெரிய மணிகளைத் தாண்டிவிட்டுச் சின்ன மணிகளை மட்டும். ஆட்டம் முடிந்தபோது மூன்று பத்தும் ஒன்றும் நகர்ந்திருந்தன. எண்பத்தாறும் முப்பத்தொன்றும். பக்கத்தில் இருந்த பெண்கள் நான் உதட்டை அசைப்பதைப் பார்த்து அவர்களும் ஜெபித்தார்கள்.

தொடங்கியது உன் அழைப்பில். குறை சொல்வதற்காக எழுதவில்லை, நடந்தது அப்படி. மூன்றாவது இன்னிங்ஸில் குவைத்திலிருந்து நீ கூப்பிட்டாய். திரை முழுக்க உன் படம் வந்து சதுரத்தை மறைத்தது. செலக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டாய். இல்லை, வழியில் இருக்கிறாராம், ஐந்தாவதுக்குள் வந்துவிடுவார் என்றேன். நாம் பேசி முடிப்பதற்குள் இரண்டு பந்து ஃபவுலாகப் போயிருந்தது. திரும்பிப் போய் அவற்றைச் சேர்க்கலாம், அதற்கு வழி உண்டு. சேர்க்கவில்லை. இதே வேகத்தில் போனால் அவர் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தொண்ணூறு தாண்டிவிடும், சார் அவளை இறக்கிவிடுவார் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. ஃபவுலும் ஒரு பந்தா, ஓரமாகப் போனதுதானே என்று சொல்லிக்கொண்டேன். நான் கணக்கு டீச்சர். எனக்கு அது தெரியாதா? அதனால்தான் மாலையை எடுத்தேன். உண்மையான எண் எங்கேயாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. என் கையில் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது மாலையில் பன்னிரண்டு மணி நகர்ந்திருந்தது. மாலை தொங்கிய அதே கையைத் தூக்கித்தான் ஐந்து விரலைக் காட்டினேன். அவளுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தது. தலையாட்டிவிட்டுத் திரும்பி எறிந்தாள்.

உன் கடிதத்தில் அந்த இடத்தைத் திரும்பப் படிக்க முடியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படித்தேன்.

அப்பாவைப் பற்றி நீ சொன்னது பாதி சரி. நான் அவளை என் இடத்தில் நிறுத்தவில்லை, உன் இடத்தில் நிறுத்தினேன். இந்த ஊரைவிட்டுப் போகிறவளாக. அவள் சென்னைக்குப் போனால் இந்த வீட்டில் நான் தனியாக இருக்க வேண்டும் என்பது தெரியும். தெரிந்தும் விரும்பினேன், ஆகவே அது நல்ல விருப்பம் என்று நம்பிவிட்டேன். எனக்கு நஷ்டம் தருகிற ஒரு காரியத்தை நான் செய்தால் அதில் தப்பே இருக்காது என்கிற அகந்தை எனக்கு எப்போதும் உண்டு. நீ அதைச் சின்ன வயதிலிருந்தே கண்டுபிடித்து வைத்திருக்கிறாய்.

இப்போது நீ சொல்வதற்கு வருகிறேன். நேற்று உன் கடிதம் கிடைத்ததிலிருந்து அதைச் சரி என்று நினைக்கப் பாடுபட்டேன். அந்த இடம் அவளுக்கு வேண்டும். சார் வயதானவர். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. எல்லாம் கூட்டினால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் பிரிஜா, அன்றைக்கும் நான் இப்படித்தான் கூட்டினேன். வார்த்தைகூட மாறவில்லை. அவளுக்காக, கொஞ்சம் மட்டும், யாருக்கும் தெரியாது.

இன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும்போது மைதானத்தைக் கடந்து வந்தேன். கேட்டுக்கு வெளியே, மணல் லாரிகள் போகிற ரோட்டோரத்தில், சார் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஷாஜன் மாஸ்டர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். சார் கம்பி வழியாகப் பார்த்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஒண்ணுமில்ல டீச்சரே, எனக்க கண்ணு சரியாத் தெரியுகான்னு பாக்கேன்" என்றார்.

கண் தெரிகிறதா என்று கேட்டேன். கையைப் பையிலிருந்து எடுக்காமலே நடந்துவிட்டார். என்னைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தன்னைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறார். ஸ்டெனி தன் கையை நம்பவில்லை, இவர் தன் கண்ணை நம்பவில்லை. இருவரும் நம்பியது என்னை.

போட்டி முடிந்த அன்றே அந்த மாலையில் முப்பத்தொன்றாவது மணிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்தேன். ஏன் கட்டினேன் என்று இதுவரை எனக்கே பிடிபடவில்லை. அதன் பிறகு அதை வைத்து ஜெபித்ததில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போகப்போகிறேன். குழுவுக்கு முன்பு அவருக்குத் தெரிய வேண்டும். பிறகு அவரோடு, அவர் என்னோடு வரச் சம்மதித்தால் அவரோடு, இல்லையென்றால் தனியாகப் பேருந்தேறி, பத்து மணிக்கு அங்கே நூற்றுப் பதினேழு என்று சொல்லப்போகிறேன். என் வேலை போகலாம். அவள் இடம் போகும். அவள் இனி என்னைப் பெரியம்மை என்று கூப்பிடாமல் போகலாம். நீ கூப்பிட விடமாட்டாய்.

நாரை வேறு இடத்திலிருந்து எடுத்துத் தைத்துவிட்டார்கள் என்று எழுதினாய். அவளுக்குக் கை திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அடுத்த முறை வலிக்கும்போது அவள் யாரைப் பார்ப்பாள்? இந்தக் கேள்விக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அவளுக்கு வலித்தது சும்மா தோன்றியது இல்லை என்பதை அவள் ஒரு தாளில், அச்சில், பிறர் கையெழுத்தோடு படிக்க வேண்டும். என் வாயால் சொன்னால் அதையும் அன்பு என்று எடுத்துக்கொள்வாள்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொன்னதாக ஆகாது. ஏனென்றால் இந்தக் கடிதத்தை இப்போது ஒட்டி என் பையில் வைத்துக்கொள்வேன், நாளை எல்லாம் முடிந்த பிறகு நாகர்கோவிலில்தான் தபால் பெட்டியில் போடுவேன். இன்றைக்கே உனக்குத் தெரிந்தால் எப்படியாவது என்னைத் தடுத்துவிடுவாய். நீ தடுக்க வேண்டும் என்று நானும் காத்திருப்பேன்.

இசபெல்